காட்பாடியை அடுத்த குதிரைப் பராமரிப்புக் கொட்டில்: ஏழு மாத அனுபவம்

வைகாசி முகூர்த்தம் ஒன்றில் மாப்பிள்ளை அழைப்பு முடிந்தபின் மண்டபத்தின் பின்புறம் கட்டியிருந்த எங்கள் பெட்டைக் குதிரை செண்பகம், இரவில் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு சமையற்கட்டில் புகுந்து படிக்கணக்கில் அரிசியைத் தின்றுவிட்டது. மறுநாள் மாலை அது முன்னங்கால்களை முன்னே நீட்டி, உடல் பாரத்தையெல்லாம் பின்னங்கால்களில் தாங்கியபடி, ஓர் அடியும் எடுத்து வைக்காமல் நின்றது. முதலில் வந்து பார்த்தவர் தசைப்பிடிப்பு என்று சொல்லி, எண்ணெய் தேய்த்து நடத்தச் சொன்னார். நாங்களும் அரை மணி நேரம் நடத்தினோம். அதை நினைக்கும்போது இன்றும் என் மனம் ஆறுவதில்லை. அன்றிரவே செண்பகத்தைக் காட்பாடிக்கு அப்பால் உள்ள இந்தக் கொட்டிலில் சேர்த்தோம். அங்கே கழிந்த ஏழு மாதங்களைப் பற்றியதே இந்த மதிப்புரை.

அதற்கு வந்திருந்தது லேமினைட்டிஸ் எனப்படும் குளம்பு அழற்சி. அளவுக்கு மீறிய மாவுச்சத்து குதிரையின் பெருங்குடலுக்குப் போய் அங்கே புளிக்கும்போது உண்டாகும் நச்சுகள் இரத்தத்தில் கலக்கின்றன; குளம்புச் சுவரையும் அதனுள் இருக்கும் எலும்பையும் இணைக்கும் மெல்லிய திசு வீங்கிப் பலமிழக்கிறது. எலும்பைத் தாங்குவது அந்தத் திசுவே என்பதால், அந்த நிலையில் நடத்தினால் பிடிப்பு கிழிந்து எலும்பே கீழ்நோக்கித் திரும்பிவிடக்கூடும்.

கொட்டிலை நடத்தும் பெரியவர் குளம்பைத் தொட்டுச் சூடு பார்த்தார். கணுக்காலின் பின்புறம் விரல் வைத்து, நாடி துள்ளுவதை என்னையும் தொட்டு உணரச் செய்தார். உடனே கால்நடை மருத்துவரை வரவழைத்தார். மருத்துவர் வலி மருந்து கொடுக்க, முதல் இரண்டு நாட்கள் இரவும் பகலும் முன்னங்கால்கள் பனிக்கட்டித் தண்ணீரிலேயே இருந்தன. அது கோடைக்காலம், மின்தடையும் சேர்ந்துகொண்டது. அப்படியும் பனிக்கட்டி தீர்ந்துபோக அவர்கள் ஒருமுறைகூட விடவில்லை. பின்னர் லாடங்களைக் கழற்றி, ஒரு முழ ஆழத்துக்கு மணல் நிரப்பிய தரையில் விட்டார்கள். செண்பகம் விரும்பியபோது படுத்துக்கொள்ளலாம். எழுப்பி நிறுத்தக் கூடாது என்று பணியாளர்களுக்குக் கண்டிப்பான உத்தரவு இருந்தது.

தீவனத்தில் அவர்கள் காட்டிய கவனம் எனக்குப் புதிது. எங்கள் தாத்தா வேலூரில் ஜட்கா ஓட்டியவர். கொள்ளு இல்லாமல் குதிரை வளர்ப்பதை அவரால் நினைத்தும் பார்த்திருக்க முடியாது. இங்கே முதல் நாளிலேயே கொள்ளு, தவிடு, வெல்லம் எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். உலர்ந்த புல்லை மட்டும், அதிலுள்ள சர்க்கரை கரைந்து போகும்படி ஒரு மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, எடை பார்த்துக் கொடுத்தார்கள். எல்லாம் ஒரு நோட்டில் எழுதப்பட்டது: காலை, மாலை நாடித்துடிப்பு, உடல்வெப்பம், தின்ற அளவு. நலமான குதிரைக்கு ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்க வேண்டிய துடிப்பு, முதல் வாரத்தில் 70ஐத் தாண்டியிருந்ததை அந்த நோட்டில்தான் பார்த்தேன். வலி குறையக் குறைய அந்த எண்ணும் இறங்கியது.

மூன்றாவது மாதம் செண்பகம் ஓரளவு நன்றாக நடந்ததைக் கண்டு, ஆவணி முகூர்த்தங்களுக்கு அழைத்துப் போகலாமா என்று கேட்டேன். பெரியவர் சம்மதிக்கவில்லை. வலி மருந்து உள்ளே இருக்கும்போது அது நடக்கும் நடையை நம்பக் கூடாது என்றும், மருந்தை நிறுத்திப் பல வாரங்கள் வலியின்றி இருந்த பிறகே கையில் பிடித்து நடத்த வேண்டும் என்றும் சொன்னார். குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவாகவே வளர்கிறது. சிதைந்த சுவர் முழுதும் கீழிறங்கிப் புதியது முளைக்க ஒரு வருடம் வரை ஆகும். ஐந்து வாரங்களுக்கு ஒருமுறை எக்ஸ்ரே படத்தை வைத்துக்கொண்டு அவர்கள் முன்நுனியைச் சீவிய பொறுமையை வேறெங்கும் நான் கண்டதில்லை.

பக்கத்து அறையில் ஆணி குத்தி டெட்டனஸ் வந்த மட்டக்குதிரை ஒன்று இருந்தது. சிறு ஓசைக்கும் வெளிச்சத்துக்கும் உடல் விறைத்துப்போகும் என்பதால் அறையை இருட்டாக்கி, காதுகளில் பஞ்சு வைத்து, கழுத்தை வளைக்க முடியாத அதற்குத் தீவனத்தையும் தண்ணீரையும் வாய்க்கு எட்டும் உயரத்தில் வைத்திருந்தார்கள். அந்தப் பக்கம் போகும்போது நாங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தோம். ஆறாவது வாரம் அது தானாகக் குனிந்து புல் மேய்ந்தது. 1932இல் தொடங்கப்பட்ட கால்நடைத் தடுப்பு மருந்து நிறுவனம் ராணிப்பேட்டையில் இருக்க, பழைய வட ஆற்காட்டுக் குதிரை ஒன்று தடுப்பூசி போடப்படாத காரணத்தால் இந்தப் பாடுபட்டது எனக்குப் பெரிய வேதனை.

குறைகளும் உண்டு. எக்ஸ்ரே வசதி அங்கே இல்லை; வெளியிலிருந்து கருவியோடு மருத்துவர் வரும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டும். கட்டணம் நாளுக்கு 450 ரூபாய் என்பது தீவனத்துக்கும் பராமரிப்புக்கும் மட்டுமே; பனிக்கட்டி, மருந்து, குளம்பு சீவும் கூலி ஆகியவை தனி. இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். மாதக் கடைசியில்தான் சொன்னார்கள். கொட்டிலுக்கு மட்டும் 95,000 ரூபாய்க்கு அருகில் ஆயிற்று. அந்தப் பணத்துக்கு வேறு குதிரையே வாங்கியிருக்கலாம் என்றார்கள் உறவினர்கள். பத்து வருடங்கள் எங்கள் குடும்பத்துக்குச் சோறு போட்ட உயிரை அப்படிக் கணக்குப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

இப்போது மார்கழி. செண்பகம் மணலில் வலியின்றி நடக்கிறது. கெட்டித் தரையில் இன்னும் தயங்குகிறது. வருகிற தை முகூர்த்தங்களுக்கும் அதை அனுப்புவதாக இல்லை. குதிரையைக் கொண்டுவர எண்ணுபவர்கள், கால் நோவு தெரிந்த அன்றே, நடத்திப் பார்க்காமல் வண்டியில் ஏற்றி வாருங்கள். வாசலில் சாய்தளம் இல்லை. பின்பக்க மண்மேட்டை ஒட்டி லாரியை நிறுத்தினால் குதிரை குதிக்காமல் இறங்கலாம்.