சைக்கிள் பாதையில் நிற்கும் கார்கள்: லண்டன் சி7 தடம், பல வருடப் பயன்பாட்டுக்குப் பின்

காலியர்ஸ் வுட்டில் தொடங்கி டூட்டிங், கிளாப்பம், கென்னிங்டன் வழியாக, லண்டனின் நிதி மையமான சிட்டிக்குப் போகும் இந்தத் தடம் 2010-இல் திறந்தபோது பெரும்பாலும் நீலப் பெயின்ட்தான். 2020-இல் பல இடங்களில் வளையக்கூடிய பிளாஸ்டிக் கம்பங்கள் நட்டார்கள். பெயின்ட், கம்பம் இரண்டையும் ஒரே தடத்தில் ஓட்டிப் பார்க்கலாம் என்பதால் எதில் கார் நிற்கிறது, எதில் நிற்பதில்லை என்பது சீக்கிரமே பிடிபடும்.

முதலில் சைக்கிள் பாதையைப் பிரிக்கும் கோட்டைப் பாருங்கள். தொடர்ச்சியான வெள்ளைக்கோடு என்றால், பலகையில் போட்டிருக்கும் நேரத்தில் கார் உள்ளே வரவும் கூடாது, நிற்கவும் கூடாது. விட்டுவிட்டுப் போட்ட கோடு என்றால் அது ஏறக்குறைய வேண்டுகோள்தான். அங்கே நிறுத்தலாமா என்பதை சாலை விளிம்பில் இருக்கும் மஞ்சள் அல்லது சிவப்புக் கோடுகளே முடிவு செய்கின்றன. இரட்டை மஞ்சள் கோட்டில்கூட, விளிம்புக் கல்லில் குறுக்கு மஞ்சள் குறிகள் இல்லையென்றால், வேன் சரக்கு இறக்க நிற்கலாம். மாற்றுத்திறனாளிகளுக்கான நீல பேட்ஜ் வைத்திருப்பவர் அங்கே 3 மணி நேரம் வரை நிறுத்தலாம். ஆகவே கோபப்படும் முன் ஒரு விஷயம்: விட்டுவிட்டுப் போட்ட கோட்டுக்குள் நிற்கும் வண்டிகளில் கணிசமானவை சட்டப்படியே நிற்கின்றன. குற்றம் ஓட்டுநருடையது என்பதைவிட, அந்த இடத்துக்கு அந்தக் கோட்டைத் தேர்ந்தெடுத்தவருடையது.

நிற்கும் காரைவிட, அதைச் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வெளியே வரும் இடம்தான் ஆபத்து. காரின் பின்பம்பர் வரை போய்விட்டு திடீரென ஒடிக்காதீர்கள். பின்னால் வரும் பேருந்துக்கு அது தெரியவே தெரியாது. முப்பது நாற்பது மீட்டர் முன்னாலேயே வலத்தோளுக்கு மேல் திரும்பிப் பாருங்கள், கை காட்டுங்கள், இடைவெளி கிடைத்ததும் வண்டிகள் போகும் தடத்தின் நடுவுக்கு வந்துவிடுங்கள். இடைவெளி கிடைக்கவில்லையா, காருக்குக் கொஞ்சம் பின்னால் நின்றுவிடுவது மேல். 2022 ஜனவரியில் திருத்திய ஹைவே கோட் (பிரிட்டனின் சாலை விதிநூல்) நிறுத்திய வண்டியைக் கடக்கும்போது ஒரு கதவின் அகலம் அல்லது 1 மீட்டர் தள்ளிப் போகச் சொல்கிறது. அந்த 1 மீட்டரை எந்த காரணத்துக்காகவும் விட்டுக்கொடுக்க வேண்டாம், பின்னால் ஹாரன் அடித்தாலும் சரி. அடுத்தடுத்து இரண்டு மூன்று கார்கள் நின்றால் இடையில் உள்ளே புகுந்து புகுந்து வெளியே வராமல், கடைசிக் காரைத் தாண்டும் வரை ஒரே நேர்க்கோட்டில் போங்கள். சைக்கிள் பாதையைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இங்கே கிடையாது.

கடக்கும் முன் கவனிக்க வேண்டியவை: ஓட்டுநர் இருக்கையில் தலை தெரிகிறதா, பிரேக் விளக்கு இப்போதுதான் அணைந்ததா, முன்சக்கரம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறதா. டெலிவரி வேன் என்றால் அதன் முன்பக்கத்திலிருந்து அட்டைப்பெட்டியோடு ஒருவர் இறங்கி வருவார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். லாரியின் பின்னால் இறக்கிவிட்ட தூக்குப்பலகை இருட்டில் கண்ணுக்குத் தெரியாது; சைக்கிளின் முன்விளக்கை அதற்காகவே சற்றுத் தாழ்த்தி வைக்கலாம்.

கம்பங்கள் வந்த பின் பாதைக்குள் கார் நிற்பது வெகுவாகக் குறைந்தது. ஆனால் இவை வளைந்து கொடுப்பவை. லாரி ஒன்று இடித்து ஒரு கம்பம் போனால் அந்த இடைவெளியில் அடுத்த வாரமே கார் நுழையும். இரண்டு போனால் அது நிரந்தர பார்க்கிங். கம்பம் உடைந்த இடத்தில் அடித்தட்டும் போல்ட்டும் தரையோடு மிஞ்சும், மழையில் அதன் மேல் ஏறினால் சக்கரம் வழுக்கும். இன்னொன்றை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை: டாக்சி பாதைக்கு வெளியே ஒழுங்காகத்தான் நிற்கும், பயணி இடப்பக்கக் கதவைத் திறந்து நேராகப் பாதைக்குள் காலை வைப்பார். கதவுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் கையால் திறந்தால் உடம்பு தானாகவே பின்பக்கம் திரும்பும் என்று ஹைவே கோட் சொல்வது ஓட்டுநருக்கு மட்டுமல்ல, பயணிக்கும் பொருந்தும். கம்பப் பாதையை ஒட்டி நிற்கும் டாக்சியைக் கண்டால் நடைபாதை ஓரமாக ஒதுங்கி, வேகத்தைக் குறைத்துப் போங்கள்.

விளிம்புக் கல் வைத்துப் பிரித்த பாதைதான் நிம்மதி. அதில் கார் ஏறாது. பதிலுக்கு இலை, கண்ணாடித்துண்டு, குறுக்கே சாய்ந்து கிடக்கும் வாடகை இ-பைக் எல்லாம் சேரும். குறுகலான பாதைக்குள் பெரிய துப்புரவு வண்டி நுழைய முடியாது.

இடம் போதாது என்ற வாதத்தைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 12 மீட்டர் அகலக் கடைத்தெரு. இரு திசைக்கும் 3 மீட்டர் தடங்கள், 6 போயிற்று. அரசின் 2020 வடிவமைப்பு வழிகாட்டி சைக்கிள் பாதைக்கு 2 மீட்டர் விரும்புகிறது, நெருக்கடியில் 1.5 வரை இறங்கலாம் என்கிறது. பக்கத்துக்கு 1.75 என்று 3.5. மிச்சம் 2.5: ஒரு பக்கம் மட்டும் 2 மீட்டரில் சரக்கு இறக்கும் இடம், கதவு திறக்க 0.5. மறுபக்கம் ஒன்றுமில்லை. பெரிய வேன் பக்கக் கண்ணாடியில்லாமலே 2 மீட்டரைத் தொடும் என்பதால் அந்த அரை மீட்டரையும் கண்ணாடி தின்னும். ஆனாலும் அந்த ஒரு பக்க இடம் இருக்க வேண்டும். கடைக்கு அரிசி மூட்டை எப்படியும் வந்தாக வேண்டும். பக்கத்துத் தெரு முனையிலாவது இறக்க இடம் தராவிட்டால், மூட்டை சைக்கிள் பாதையில்தான் இறங்கும்.

புகார் செய்வதென்றால் முதலில் சாலை யாருடையது என்று பாருங்கள். சிவப்புக் கோடு இருந்தால் லண்டன் போக்குவரத்து அமைப்பு. 2022 ஜூன் முதல் அவர்கள் தொடர்கோட்டுப் பாதையில் நுழையும் வண்டிகளுக்கு கேமரா வழியாக அபராதம் போடுகிறார்கள், அறிவித்தபோது 160 பவுண்டு வரை. மஞ்சள் கோடு என்றால் உள்ளூர் கவுன்சிலின் பார்க்கிங் பிரிவு. தனியாள் எடுத்த படத்தை வைத்து பார்க்கிங் அபராதம் வராது. அவர்களுடைய ஆளோ கேமராவோ பார்க்க வேண்டும். அதனால் ஒரு காரைப் பற்றி எழுதுவதைவிட, எந்தக் கடை எதிரே, எந்தக் கிழமை, எத்தனை மணிக்குத் திரும்பத் திரும்ப நடக்கிறது என்று எழுதினால் அந்த நேரத்துக்கு ஆள் அனுப்ப வாய்ப்பு உண்டு. கம்பம் உடைந்திருந்தால் அதைத் தனிப் புகாராகப் போடுங்கள். அது பார்க்கிங் பிரிவுக்குப் போகாது, சாலைப் பராமரிப்புக்குப் போகும்.