இன்டெலிஜென்ஸ் 1 வைத்து ஆட எந்த கேம் சரி?

ஒரு கேரக்டரை நாமே உருவாக்கி வளர்த்து ஆடும் ஆர்பிஜி கேம்களில், அந்தக் கேரக்டர் உருவாக்கும் திரைக்கு வந்ததும் பெரும்பாலானோர் அறிவை அளக்கும் எண்ணான இன்டெலிஜென்ஸில் கை வைக்கத் தயங்குவார்கள். அதைக் குறைத்தால் திறன்களை வளர்க்கத் தரும் ஸ்கில் பாயின்ட் குறையும், பேசித் தீர்க்கும் வழிகள் அடைபடும் என்ற பயம். பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் அந்த எண்ணை வேண்டுமென்றே அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டு ஆடுவதில் ஒரு தனிச் சுவை உண்டு. ஏற்கெனவே ஒருமுறை முடித்த கேமே புதிதாகத் தெரியும்.

எல்லா கேமிலும் இது வாய்க்காது என்பதுதான் சிக்கல். சிலவற்றில் ஊரே உங்களிடம் வேறு மாதிரி நடந்துகொள்ளும். சிலவற்றில் உள்ளே ஓடும் கணக்கு மட்டும் மாறும், எதிரே நிற்பவருக்கு எதுவும் தெரியாது. அதனால் ஃபால்அவுட் 2, ஆர்கேனம், தி அவுட்டர் வேர்ல்ட்ஸ், ஃபால்அவுட் 4, டிஸ்கோ எலீசியம் ஆகிய ஐந்தையும் ஒரே கேள்வியை வைத்துப் பார்க்கிறேன்: நம் கேரக்டருக்கு அறிவு குறைவு என்பது அந்த உலகத்துக்குத் தெரிகிறதா? கதையின் சில முக்கியத் திருப்பங்களையும் சொல்ல வேண்டியிருக்கும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

1997இல் வந்த முதல் ஃபால்அவுட்தான் இந்த வகை ஆட்டத்துக்குப் பெயர் வாங்கித் தந்தது. இன்டெலிஜென்ஸ் நான்குக்குக் கீழே போனால் நம் ஆளால் ஒரு வாக்கியத்தை ஒழுங்காகச் சொல்ல முடியாது. உளறலும் உறுமலும்தான் வரும். அடுத்த ஆண்டே வந்த ஃபால்அவுட் 2 அதே விதியை இன்னும் பெரிய உலகத்துக்குக் கொண்டுபோனது. இங்கே விலை கடுமை. ஒவ்வொரு லெவலுக்கும் கிடைக்கும் ஸ்கில் பாயின்ட் என்பது ஐந்தோடு இன்டெலிஜென்ஸின் இரு மடங்கைக் கூட்டி வருவது. இன்டெலிஜென்ஸ் 10 வைத்தவருக்கு லெவலுக்கு 25 கிடைக்கும்போது 1 வைத்தவருக்கு 7தான். அதைவிடப் பெரிய இழப்பு, பலர் உங்களை நம்பி வேலையே கொடுக்க மாட்டார்கள். பேச வாய் திறந்ததும் பரிதாபப்பட்டோ எரிச்சல்பட்டோ அனுப்பிவிடுவார்கள். குவெஸ்ட்கள், அதாவது கேம் தரும் வேலைகள், கண்ணெதிரே கிடக்கும், ஆனால் கைக்கு வராது.

இதற்கு ஒரு தற்காலிக வழியும் உண்டு. மென்டாட்ஸ் என்ற மாத்திரையைப் போட்டால் இன்டெலிஜென்ஸ் கொஞ்ச நேரத்துக்கு இரண்டு புள்ளி ஏறும். இரண்டிலோ மூன்றிலோ இருப்பவர் அந்தச் சற்று நேரத்துக்குத் தெளிவாகப் பேசலாம், வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். மருந்து இறங்கியதும் பழைய நிலைதான். பழக்கத்துக்கு அடிமையாகும் ஆபத்தும் சேர்ந்தே வரும். ஒரு வெறும் விதி இவ்வளவு துயரமான கதையைத் தானாகவே சொல்லிவிடுவது எனக்கு இன்றும் வியப்பு.

ஃபால்அவுட் 2ஐ இந்தப் பட்டியலில் தவிர்க்க முடியாமல் செய்வது கிளமாத் ஊரில் வரும் ஒரே ஒரு உரையாடல். அங்கே டோர் என்று ஓர் இளைஞன் மாடு மேய்க்கிறான். சாதாரண கேரக்டரோடு போனால் அவன் பேச்சு குழந்தைத்தனமாக, தட்டுத் தடுமாறி வரும். ஊரும் அவனை அப்படித்தான் பார்க்கிறது. நம் ஆளின் அறிவும் அதே அளவுக்குக் குறைவாக இருந்தால் காட்சி தலைகீழாகிவிடும். இருவரும் கற்றறிந்தவர்கள்போல, செம்மையான மொழியில், ஒருவர் சொல்வதை ஒருவர் நிதானமாகக் கேட்டுப் பேசிக்கொள்வார்கள். அதுவரை நாம் திரையில் படித்த உளறல் எல்லாம் மற்றவர்கள் காதில் விழுந்தது மட்டுமே, உள்ளே இருப்பவருக்கு அது ஒருபோதும் உளறலாக இருந்ததில்லை என்று அந்தச் சில வரிகள் காட்டிவிடுகின்றன. அறிவு குறைந்த கேரக்டரைக் கேலிக்கு மட்டும் பயன்படுத்தும் கேம்கள் ஏராளம். அவரைக் கேலி செய்யும் உலகத்தையே ஒரு கணம் திருப்பிப் பார்க்க வைத்தது இந்தக் காட்சி.

அப்படியென்றால் ஃபால்அவுட் 2தானே முதலிடம்? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த ஒரு காட்சியைத் தாண்டினால் மீதி ஆட்டத்தில் பெரும்பகுதி மூடிய கதவுகள்தான். கதவு மூடுவது நேர்மையான விளைவு, அதில் குறை இல்லை. ஆனால் மூடிய கதவுக்குப் பதிலாக வேறு ஏதாவது கிடைத்தால்தான் பல மணி நேரம் அதே ஆளோடு நடக்க மனம் வரும்.

அதைச் செய்தது ஆர்கேனம். 2001இல் வந்த இதை உருவாக்கியது ட்ரோய்கா நிறுவனம். முதல் ஃபால்அவுட்டில் முக்கியப் பங்கு வகித்த டிம் கெயின், லியனார்ட் போயார்ஸ்கி, ஜேசன் ஆண்டர்சன் மூவரும் சேர்ந்து தொடங்கிய நிறுவனம் அது. அங்கே விட்ட இழையை இங்கே எடுத்துப் பின்னியிருக்கிறார்கள் என்று ஆடும்போதே தெரியும். அறிவு குறைந்தவருக்கான உரையாடல் கேம் முழுக்கத் தனியாக எழுதப்பட்டிருக்கிறது. அது மட்டும் போதாதென்று குவெஸ்ட் குறிப்பேடும் மாறிவிடும்! என்ன வேலை, யாரைப் பார்க்க வேண்டும் என்ற குறிப்புகளும் அவர் புரிந்துகொண்ட அளவில், அவருடைய உடைந்த மொழியிலேயே இருக்கும். வெளியே இருப்பவர்கள் நம்மை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதோடு நாம் உலகத்தை எப்படிப் பார்க்கிறோம் என்பதும் மாறுகிறது. குறிப்பேட்டைப் படித்து அடுத்த வேலையைக் கண்டுபிடிப்பதே ஒரு புதிர்.

கதையும் இதற்குத் தோதாக அமைந்திருக்கிறது. தொடக்கத்தில் நாம் வரும் வான்கப்பல் தாக்கப்பட்டு விழுகிறது, உயிர் பிழைப்பது நாம் மட்டும். அங்கே ஓடி வரும் வர்ஜில் என்ற துறவி, தன் மதம் காத்திருந்த மகானின் மறுபிறவி நாம்தான் என்று நம்புகிறான். அந்த மறுபிறவி இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசத் திணறினால் அவன் நிலை என்ன? நம்பிக்கையை விடவும் முடியாது, கண்ணால் பார்ப்பதை மறுக்கவும் முடியாது. புத்திசாலி கேரக்டரோடு ஆடினால் கிடைக்காத ஒரு பதற்றம் இந்தக் கதைக்கு வந்துவிடுகிறது.

ஆர்கேனத்தின் குறைகளையும் சொல்லவேண்டும். சண்டை முறை கரடுமுரடானது, திரை பழையது, விளக்கங்கள் குறைவு. தொழில்நுட்பத் துறைகள் அறிவைக் கேட்கும் என்பதால் அந்தப் பக்கம் போக முடியாது. மந்திரத்திலும் ஒரே நேரத்தில் எத்தனை மந்திரங்களைத் தாங்கிப் பிடிக்கலாம் என்பதை இன்டெலிஜென்ஸ்தான் முடிவு செய்யும். ஆகவே உடல் வலிமையில் புள்ளிகளைப் போட்டு, கைக்கலப்பில் இறங்கும் ஆளாக வளர்ப்பதே சுலபம். பாதி மனிதன், பாதி ராட்சதன் என்ற அரை ஓகர் இனம் இதற்கென்றே பிறந்தது.

தி அவுட்டர் வேர்ல்ட்ஸ் 2019இல் ஆப்சிடியன் நிறுவனத்திலிருந்து வந்தது. இயக்கியவர்கள் அதே கெயினும் போயார்ஸ்கியும். இன்டெலிஜென்ஸைச் சராசரிக்குக் கீழே இறக்கினால் உரையாடலில் ‘டம்ப்’ என்ற அடையாளத்தோடு சில வரிகள் கூடுதலாக வரும். வரிகள் நன்றாகவே எழுதப்பட்டிருக்கின்றன, குரல் கொடுத்த மற்ற கேரக்டர்களும் அதற்கேற்பப் பதில் சொல்கிறார்கள். புதிதாக முயல்பவருக்கு இதைவிட எளிய வாசல் கிடையாது. இறக்கிய புள்ளியை வேறு திறனில் போட்டுக்கொள்ளலாம், ஆட்டம் எங்கேயும் தடைபடாது.

அந்தத் தாராளம்தான் எனக்கு உறுத்துகிறது. சாதாரண வரிகள் அப்படியே இருக்கின்றன. அவற்றுக்குப் பக்கத்தில் இந்த வரிகளும் சேர்கின்றன, அவ்வளவுதான். முந்தைய நிமிடம் நிறுவன அரசியலைக் கூர்மையாக அலசிய அதே ஆள் அடுத்த நிமிடம் எழுத்துக் கூட்டத் தெரியாதவர்போலப் பேசலாம். கேரக்டரை ஒரே ஆளாகக் காப்பாற்றும் பொறுப்பு முழுக்க நம் தலையில். ஃபால்அவுட்டிலும் ஆர்கேனத்திலும் அந்தப் பொறுப்பை கேம் சுமந்தது.

இருந்தாலும் ஓர் இடத்தில் இந்த கேம் யாரும் துணியாததைச் செய்கிறது. கதையின் இறுதிக்கட்டத்தில், உறைநிலையில் கிடக்கும் குடியேறிகளைச் சுமந்த ஹோப் என்ற கப்பலை நகர்த்த வேண்டும். அறிவு குறைந்தவர் என்றால் பாதைக் கணக்கைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிக் கப்பலைச் செலுத்தலாம். கப்பல் நேராகச் சூரியனுக்குள் போய்விடும். எல்லாரும் சாவார்கள், கதையும் அங்கேயே முடிந்துவிடும். அத்தனை மணி நேரமாக விளையாட்டாக இருந்த ஒரு தேர்வுக்கு இப்படி ஒரு விளைவைக் கொடுத்ததை நான் மதிக்கிறேன்.

ஃபால்அவுட் 4 பற்றி நீட்ட வேண்டியதில்லை. 2015இல் வந்த இதில் நாயகனுக்கும் நாயகிக்கும் முழுக்கக் குரல் கொடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு வரிக்கும் இன்னொரு வடிவம் எழுதினால் அதையும் பதிவு செய்யவேண்டும். பழைய கேம்களில் நம் வரிகள் வெறும் எழுத்தாக இருந்ததால்தான் இரட்டை எழுத்து சாத்தியமானது. இங்கே மிஞ்சியது இடியட் சவாந்த் என்ற பெர்க் (கேரக்டருக்குச் சேர்த்துக்கொள்ளும் சிறப்புத் திறன்) மட்டும். அறிவு குறையக் குறைய, ஒரு செயலுக்கு மூன்று மடங்கு அனுபவப் புள்ளி திடீரென்று கிடைக்கும் வாய்ப்பு கூடும். பெர்க்கை வளர்த்தால் அது ஐந்து மடங்காகும். கணக்காக நல்ல வடிவமைப்பு. ஆனால் இன்டெலிஜென்ஸ் 1 வைத்தவரும் 10 வைத்தவரும் ஒரே மாதிரிதான் பேசுவார்கள். நான் வைத்த கேள்விக்கு இதில் பதில் ‘இல்லை’.

டிஸ்கோ எலீசியம் இந்த வரிசையில் சற்று விலகி நிற்கிறது. இதில் இன்டெலக்ட் (அறிவு), சைக்கி (மனம்), ஃபிசீக் (உடல்), மோட்டரிக்ஸ் (புலன், கை லாவகம்) என்று நான்கு பிரிவுகள். ஒவ்வொன்றின் கீழும் ஆறு திறன்கள். ஒவ்வொரு திறனும் நம் துப்பறிவாளரின் தலைக்குள் ஒரு குரல். இன்டெலக்ட்டை 1இல் வைத்தால் அவர் பேச்சு உடையாது. தலைக்குள் தர்க்கம் பேசும் லாஜிக்கும் வாதம் பேசும் ரெட்டரிக்கும் அடங்கிப்போகும். எதிரே இருப்பவர் சொல்லுக்கு அடியில் எதை மறைக்கிறார் என்று எடுத்துச் சொல்ல ஆள் இருக்காது. அந்த இடத்தை உடல் பிடித்துக்கொள்ளும். ஹாஃப் லைட்டின் பயம், போதைக்கு ஏங்கும் எலக்ட்ரோகெமிஸ்ட்ரி, தசையை நம்பும் ஃபிசிகல் இன்ஸ்ட்ருமென்ட் எல்லாம் உரத்துப் பேசும், நம்மைத் தப்பான வழியிலும் தள்ளும். அறிவு குறைவை வெளியிலிருந்து காட்டாமல் உள்ளேயிருந்து காட்டுகிறது என்பதால் டோர் காட்சிக்கு மிக அருகில் வருவது இதுதான். பகடையில் தோற்றாலும் கதை நிற்காது, தோல்விக்கென்றே எழுதிய காட்சிகள் பல இடங்களில் வெற்றியைவிடச் சுவையானவை. சுற்றியிருப்பவர்கள் உங்களை மந்தபுத்தி என்று தனியாக நடத்தவேண்டும் என எதிர்பார்த்தால் மட்டும் ஏமாறுவீர்கள். அவர்களைப் பொறுத்தவரை நம் ஆள், புள்ளிகளை எப்படிப் பிரித்துப் போட்டாலும், சிதைந்துபோன ஒரு போலீஸ்காரர்தான்.

என் தேர்வு ஆர்கேனம். பழைய கேம்களின் கரடுமுரடு ஒத்துவராதவர்கள் டிஸ்கோ எலீசியத்தை எடுக்கலாம். ஃபால்அவுட் 2 ஆடினால் இன்டெலிஜென்ஸை இரண்டிலோ மூன்றிலோ வையுங்கள், 1 வேண்டாம். அப்போதுதான் ஒரே மென்டாட்ஸில் நான்கைத் தொட முடியும். டோரைப் பார்க்கும்போது மட்டும் மருந்து இறங்கியிருக்க வேண்டும். தி அவுட்டர் வேர்ல்ட்ஸில் தொடங்குபவர்கள் டம்ப் வரி வரும்போதெல்லாம் அதையே தேர்ந்தெடுப்பது என்று தாமாகவே ஒரு விதி வைத்துக்கொண்டால் அந்தக் கேரக்டர் ஒரே ஆளாக நிற்கும். ஹோப் கப்பலை நகர்த்தும் காட்சிக்கு முன் கேமைத் தனியாக ஒருமுறை சேவ் செய்துவிடுங்கள்.