விரல் குத்தும் குளுக்கோமீற்றரா, கையில் ஒட்டும் சென்சரா?

முதலாம் வகை நீரிழிவு உள்ள எங்கள் மகளின் சீனி அளவைப் பார்க்க இரண்டு வழிகளும் எங்கள் வீட்டில் புழங்கியிருக்கின்றன. ஒன்று, விரலில் குத்தி ஒரு துளி இரத்தத்தை ஸ்ரிப் எனும் சிறு சோதனைப் பட்டியில் தொடும் குளுக்கோமீற்றர். மற்றது, ரொரன்ரோவிலிருந்து அவளுடைய சித்தி அனுப்பிய, மேற்கையில் ஒட்டும் சென்சர். இப்போது குளுக்கோமீற்றரையே நம்பியிருக்கிறோம், நான் அதன் பக்கம்தான்.

சென்சரின் வசதிகளை விளக்க வேண்டியதில்லை: அடிக்கடி குத்தத் தேவையில்லை, அளவு ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை அம்புக்குறியே காட்டிவிடும். ஆனால் அது அளப்பது இரத்தத்தை அல்ல, தோலுக்கடியில் உள்ள திரவத்தை. அதனால் சீனி விரைவாக மாறும் வேளைகளில் சில நிமிடங்கள் பிந்தியே காட்டும். பிள்ளை அந்தக் கைமேல் சரிந்து படுத்தால் இல்லாத தாழ்வைக் காட்டுவதும் உண்டு.

எங்களைத் தீர்மானிக்க வைத்தது இவை எதுவுமல்ல, அடுத்தது எப்போது கைக்கு வரும் என்ற கேள்விதான். நாங்கள் பயன்படுத்திய வகை 14 நாளில் முடிந்துவிடும். சித்திரை வெயிலின் வியர்வையிலும் கிணற்றுக் குளிப்பிலும் பசை இளகினால் அதற்கு முன்பே கழன்றுவிடும். பிறகு ஊருக்கு வருகிறவர் யாரென்று விசாரித்துக்கொண்டிருக்க வேண்டும். ஸ்ரிப்போ யாழ்ப்பாண நகரத்து மருந்தகத்தில் கிடைக்கிறது. விலை குறைவென்று சொல்லமாட்டேன், ஆனால் மாதச் செலவாகக் கணக்குப் போடலாம். தவிர, பிள்ளையின் உடல் நிலைக்கும் சென்சர் காட்டும் எண்ணுக்கும் பொருந்தாதபோது விரலில் குத்தித்தான் உறுதிசெய்ய வேண்டியிருப்பதால், சென்சர் வைத்திருப்பவரும் ஸ்ரிப் வாங்காமல் இருக்க முடியாது.

குளுக்கோமீற்றருக்கும் பராமரிப்பு உண்டு. ஸ்ரிப் போத்தலை வெக்கையும் ஈரமும் படும் குசினியில் வைக்காமல், ஒன்றை எடுத்தவுடன் மூடிவிட வேண்டும். திறந்த திகதியைப் போத்தலிலேயே எழுதிவைப்பது நல்லது. கறுத்தக்கொழும்பான் மாம்பழம் சாப்பிட்ட கையைக் கழுவாமல் குத்தினால், விரலில் ஒட்டிய பழச்சாறே அளவைப் பொய்யாக ஏற்றிக் காட்டும். ஆகவே சவர்க்காரமிட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, நோவு குறைவான விரல்நுனியின் பக்கவாட்டில் குத்த வேண்டும். எண் 70 mg/dLக்குக் கீழே வந்தால் வைத்தியர் சொல்லியிருக்கும் அளவுச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பார்க்கிறோம்.

எங்கள் மகள் தலைச்சுற்றையும் நடுக்கத்தையும் தானே வாய்விட்டுச் சொல்லும் வயதினள். சொல்லத் தெரியாத குழந்தையுள்ள வீட்டிலும், தாழ்வின் அறிகுறிகளை உணராத பிள்ளையிடத்திலும் சென்சரே மேலாக இருக்கலாம். அந்த அனுபவம் எங்களுக்கு இல்லை. பார்சலில் ஒன்று வந்தால் அதைக் காய்ச்சல் நாட்களுக்கென்று ஒதுக்கிவைக்கிறோம், ஏனெனில் இரவிலும் சில மணித்தியாலத்துக்கு ஒருமுறை பார்க்கவேண்டிய நேரம் அதுதான்.