கொளத்தூரில் ஃப்ளவர்ஹார்ன் மீன் வாங்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் போங்கள்

அலங்கார மீன் கடைகள் நிறைந்த சென்னை கொளத்தூரில், நெற்றி புடைத்த ஃப்ளவர்ஹார்ன் மீன் ஒன்றை வாங்கி ஏமாந்தேன். கடையின் பெயரைப் போடவில்லை. கொளத்தூரில் நேர்மையாக வியாபாரம் செய்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், நானே அவர்களிடம் வருடக்கணக்காக மீன் வாங்குகிறேன். இது ஒரு கடையில் எனக்கு நடந்தது. ஆனால் இதே வித்தை வேறு இடங்களிலும் ஓடுகிறது.

"தாய்லாந்து இம்போர்ட் சார், ரெட் டிராகன், கேரண்டி ஆண். வாஸ்துக்கும் நல்லது" என்று அந்த ரகத்து மீன் ஒன்றைக் கடைக்காரர் காட்டினார். ஐந்து அங்குலம் இருக்கும். நெற்றியில் நல்ல புடைப்பு (இதைத்தான் ஹெட் என்பார்கள்), உடம்பெல்லாம் சிவப்பு. விலை 4,500 ரூபாய். கூடவே ஒரு இரண்டடித் தொட்டியையும் தலையில் கட்டினார். "தொட்டி எவ்வளவோ, மீனும் அவ்வளவுதான் சார் வளரும்."

ஒரு மாதம்கூட ஆகவில்லை, சிவப்பு வெளிற ஆரம்பித்தது. தண்ணீரில் கோளாறோ என்று டெஸ்ட் கிட் வைத்துப் பார்த்தேன். அம்மோனியா இல்லை, பிஹெச் 7.6, வெப்பம் 28 டிகிரி. எல்லாம் சரி. பெல்லட் (உருண்டைத் தீனி) போட்டால் கையையே கடிக்க வருகிறது, அதிலும் குறையில்லை. நிறம் மட்டும் போய்க்கொண்டே இருந்தது. அப்புறம் ஹெட்டும் இறங்கியது. ஒருநாள் காலையில் பார்த்தால், தொட்டிக்குள் போட்டிருந்த ஓட்டின் மேல் சின்னச் சின்ன ஜவ்வரிசி போல முட்டைகள். கேரண்டி ஆண் பக்கத்திலேயே நின்று துடுப்பால் விசிறிக்கொண்டிருந்தது.

போட்டோவை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். முதலில் "உங்க வீட்டுத் தண்ணி சரியில்ல சார்" என்றார். முட்டையைக் காட்டியதும், "ஹைபிரிட் இல்லையா சார், சில நேரம் ஆணும் போடும்" என்றார். சிரிப்பதா சண்டை போடுவதா என்று தெரியவில்லை. ஆண் முட்டை போடாது. பெண் ஃப்ளவர்ஹார்ன் ஜோடி இல்லாமலே முட்டை போடும், அவை பொரிக்காமல் வெளுத்துப் போகும். அவ்வளவுதான் விஷயம்.

நடப்பது என்னவென்றால், ஆண் ஹார்மோன் கலந்த தீவனத்தைக் கொடுத்தால் பெண் மீனும் சிவந்து, நெற்றியில் கொஞ்சம் ஹெட்டும் வரும். நம் வீட்டுக்கு வந்து அந்தத் தீவனம் நின்றதும் சாயம் வெளுக்கிறது. கடையில் எரியும் ரோஸ் நிற லைட் மீதியைப் பார்த்துக்கொள்கிறது.

ஃப்ளவர்ஹார்ன் எந்த ஆற்றிலும் இயற்கையாகத் தோன்றிய மீன் இல்லை. மத்திய அமெரிக்காவின் சிக்லிட் குடும்ப மீன்களைக் கலந்து 1990களில் மலேசியாவில் உருவாக்கியது. அதனால் ஒரே ஈட்டில் பிறந்த குஞ்சுகளே ஒன்று போல் இருக்காது. நூற்றுக்கணக்கில் பொரிந்தாலும் நல்ல ஹெட்டும் நிறமும் தேறுவது கொஞ்சம்தான். கழித்த மீதியை யாராவது ஒருவர் தலையில்தானே கட்ட வேண்டும்? இரண்டு அங்குலக் குஞ்சைக் காட்டி "கேரண்டி" என்று சொல்பவரிடம் பேச்சே வேண்டாம்.

வாங்கும் முன் லைட்டை அணைக்கச் சொல்லுங்கள். மீனை வெள்ளை பக்கெட்டில் எடுத்து, வாசல் வெளிச்சத்தில் பாருங்கள். அடிவயிற்றில் உள்ள துவாரம் ஆணுக்குச் சிறிதாக, கூராக இருக்கும்; பெண்ணுக்கு அகலமாக, வளைந்து இருக்கும். நான்கு அங்குலத்துக்குக் கீழே இதை வைத்து முடிவு செய்வது கஷ்டம். கண் முன்னால் தீனி போடச் சொல்லுங்கள். வெள்ளை நூலாக மலம் தொங்கினாலோ, தலையில் குண்டூசி குத்தியது போல் குழிகள் தெரிந்தாலோ வேண்டாம்.

தொட்டி விஷயமும் பொய்தான். 2x1x1 அடித் தொட்டியில் சுமார் 56 லிட்டர் தண்ணீர்தான் பிடிக்கும். முழுசாக வளர்ந்தால் பத்து, பன்னிரண்டு அங்குலம் வரும் மீன் ஓரடி அகலத்தில் எப்படித் திரும்பும்? சின்னத் தொட்டியில் வளர்ச்சி குன்றி, நோய்தான் வரும். ஒரே ஒரு மீனுக்கு 4x1.5x1.5 அடித் தொட்டி எடுங்கள், சுமார் 250 லிட்டர் கொள்ளும். வேறு மீன் எதையும் கூடப் போடாதீர்கள், அடித்தே கொன்றுவிடும்.

எனக்குக் கிடைத்த பில், ஒரு துண்டுத் தாளில் "மீன் 1, டேங்க் 1" என்று எழுதியது. அதில் ரெட் டிராகனும் இல்லை, ஆணும் இல்லை. நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்தாலும் கையில் ஏதாவது ஆதாரம் இருக்க வேண்டும். அதனால் ரகம், ஆண், அளவு, விலை நான்கையும் கடை முத்திரையுள்ள பில்லில் எழுதி வாங்குங்கள். எழுத மாட்டேன் என்றால் பணத்தை எடுக்காதீர்கள். கொளத்தூரில் அடுத்த மீன் கடைக்குப் பத்தடி நடந்தால் போதும்.