குத்தகைக்காரரா, வாரியமா? இங்கிலாந்துக் கடற்படையின் சோற்றுக் கணக்கு

இங்கிலாந்துக் கடற்படைக்கு 1683 வரை பெரும்பாலும் குத்தகைக்காரர்களே உணவு கொடுத்தார்கள். அதன்பின் 1832 வரை அரசின் உணவு வாரியம் (Victualling Board). குத்தகைக்காரர் மட்டமான சரக்கைத் தள்ளிவிடுவார், வாரியத்துக்கு ஆள்செலவு கூடும். இதெல்லாம் தெரிந்த கதை. எடைபோட வேண்டியது, திருட்டு எந்த முறையில் கணக்கில் தெரியும் என்பதைத்தான். அதில் என் ஓட்டு வாரியத்துக்கே.

1667ல் கடற்படை நிர்வாகத்தைக் கவனித்த நேவி போர்டில் உணவுக் கணக்கைப் பார்க்கவென்றே ஒரு கம்ப்ட்ரோலர் பதவி வந்தது. முதலில் சர் வில்லியம் பென் அதை ஏற்றார். குத்தகைக் கணக்கு சுலபம்: ஆட்கள், நாட்கள், தலைக்கு இவ்வளவு. ஆனால் செத்தவன் பெயரை ஆள்பதிவேட்டில் அடிக்காமல் விட்டால், அவனும் தினம் சாப்பிட்டுக்கொண்டே இருப்பான். பதிவேட்டைத் தாண்டிச் சரிபார்க்க வேறெதுவும் கையில் இல்லை.

வாரியத்தில் சரக்கே கணக்கு. லண்டன் அருகே டெப்ட்ஃபோர்டு கிடங்கிலிருந்து ஏறும் மாட்டிறைச்சி, பிஸ்கட், பட்டாணி எல்லாம் கப்பலின் பர்சர், அதாவது உணவுப் பொருளுக்குப் பொறுப்பான அதிகாரி, பேரில் பற்று. ஆட்களுக்குக் கொடுத்ததும் மீந்த இருப்பும் வரவு. கெட்டுப்போனதைக் கடலில் கொட்டுமுன் அதிகாரிகள் பார்வையிட்டுக் கையெழுத்திட வேண்டும். அந்தத் தாள் இல்லையென்றால் நஷ்டம் பர்சர் தலையில். காலிப் பீப்பாயும் அப்படியே: பலகை பலகையாகப் பிரித்து, வளையங்களோடு கட்டித் திருப்பித் தர வேண்டும். விறகு தீர்ந்து அடுப்பில் போட்டாலும் விலை பிடிப்பார்கள். கணக்கு முடியும்வரை பர்சர் கொடுத்த ஜாமீன் விடுபடாது.

வாரியத்திலும் ஓட்டை உண்டு, அதுவும் சட்டப்படியே. முழுப் பவுண்டு 16 அவுன்ஸ், ஆனால் சேதாரத்துக்கென்று பர்சரின் பவுண்டு 14 அவுன்ஸ்தான். ஆளுக்குத் தினம் ஒரு பவுண்டு பிஸ்கட் என்றால், 500 பேர் கப்பலில் பர்சருக்கு நாளுக்கு 62½ பவுண்டு மிச்சம். 1797ல் ஸ்பிட்ஹெட்டில் மாலுமிகள் செய்த கலகத்துக்குப் பிறகுதான் 16 அவுன்ஸ் முழுதாகக் கிடைத்தது. கம்ப்ட்ரோலர் பதவி அதற்கு முந்தைய வருடமே எடுக்கப்பட்டு, வேலை கணக்குக் குழுவுக்குப் போயிருந்தது.

தூரதேசத்துக்கு மட்டும் இவ்வளவு அடித்துச் சொல்ல மாட்டேன். அங்கே கிடங்கு வைத்து நடத்துவதைவிட உள்ளூர் ஒப்பந்தக்காரர் கைக்கு அடக்கம். ஆனால் லண்டனிலிருந்து மதராசுக்கு ஒரு கேள்வி போய்ப் பதில் வர ஒரு வருடம்போல ஆகும். மதராசில் கடற்படைக்கு உணவு கொடுத்த பேசில் காக்ரேன் ஊர் திரும்பிய பின்னும், அவருக்கும் வாரியத்துக்கும் கணக்குத் தகராறு பல வருடம் இழுத்தது.