ரெட்டிச் புல்லட்டைக் கொடுத்தேன், வேறு இன்ஜினோடு திரும்பி வந்தது

இங்கிலாந்தில் இருந்துகொண்டு, பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள் ஒன்றை டிரையல்ஸ் போட்டிக்குத் தயார் செய்யப் பட்டறையில் விடப் போகிறீர்களா? முன்பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். பட்டறையின் பெயரைச் சொல்ல முடியாது. பணத்தில் ஒரு பகுதியைத் திரும்ப வாங்கும்போது பெயரை வெளியிடுவதில்லை என்று கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. நடந்ததைச் சொல்லத் தடை இல்லை.

வண்டி 1954ஆம் ஆண்டு ராயல் என்ஃபீல்டு புல்லட் 350. இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் இருந்த என்ஃபீல்டின் சொந்தத் தொழிற்சாலையில் செய்தது. வொர்ஸ்டர்ஷைரில் ஒரு பெரியவரின் கொட்டகையில் இருபது வருடம் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. பிஸ்டன் பிடித்துப்போய்க் கிக்கர் அசையவில்லை. ஆனால் ஒரு பொருளும் குறையவில்லை. ஹெட்லைட்டின் இருபுறமும் அந்தக் குட்டி விளக்குகள் (புல்லட்டுக்கு அந்த முகம் வந்ததே 1954 மாடலில்தான்), சிலிண்டருக்குப் பின்னால் லூகாஸ் மேக்டைனோ (தீப்பொறி கொடுக்கும் மேக்னெட்டோவும் விளக்குக்கான டைனமோவும் சேர்ந்தது), ஆல்பியன் கியர்பாக்ஸ் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. சென்னையில் அப்பாவிடம் ஒரு புல்லட் இருந்தது. அதன் டேங்க் மேல் உட்கார்ந்து ஊர் சுற்றிய பையன் நான். அதே வண்டி, அது பிறந்த ஊரில் செய்ததே கிடைத்தபோது பேரம்கூடப் பேசவில்லை.

டிரையல்ஸ் என்பது வேகப் போட்டி இல்லை. பாறையும் ஓடையும் சேறுமாக இருக்கும் ஒரு துண்டுப் பாதையை (செக்‌ஷன்) கால் ஊன்றாமல் கடக்க வேண்டும். ஒரு முறை ஊன்றினால் 1 புள்ளி, இரண்டு முறை என்றால் 2, அதற்கு மேல் 3, நின்றுவிட்டால் 5. கடைசியில் யாருக்குக் குறைவோ அவர்தான் ஜெயித்தவர். புல்லட்டுக்கும் இந்த விளையாட்டுக்கும் உள்ள உறவு பழையது. 1948இல் அது முதன்முதலில் ஸ்விங் ஆர்மோடு (பின் சக்கரம் மேலும் கீழும் அசைய விடும் அமைப்பு) வெளியே வந்ததே ஒரு டிரையலில்தான். ஸ்காட்லாந்தின் ஆறு நாள் டிரையலை 1952இலும் 1957இலும் ஜானி பிரிட்டன் ஜெயித்தது 350 புல்லட்டில். 70 மி.மீ. போர் (சிலிண்டரின் அகலம்), 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்), கனமான ஃப்ளைவீல். நடக்கிற வேகத்தில் கல்லின் மேல் ஏறும்போதும் அந்த இன்ஜின் அணையாமல் ‘டப்... டப்...’ என்று இழுத்துக்கொண்டு போகும். அந்தச் சத்தத்துக்காகத்தான் இவ்வளவும்.

பட்டறையில் நான் கேட்டது இவ்வளவுதான். ஸ்டீரிங் ஹெட்டை (முன் ஃபோர்க் ஃப்ரேமோடு சேரும் இடம்) கொஞ்சம் நிமிர்த்த வேண்டும், அப்போதுதான் குறுகிய வளைவில் திரும்பும். பின் ஸ்ப்ராக்கெட்டைப் பெரிதாக்க வேண்டும். ஃபுட்ரெஸ்ட் பின்னுக்குப் போக வேண்டும். முன்னால் 21 இன்ச், பின்னால் 18 இன்ச் வீல். அலுமினிய டேங்க். இன்ஜினைப் பிரித்து, போர் போட்டு, அதே இன்ஜினைத் திரும்ப ஏற்ற வேண்டும். ‘அதே இன்ஜின்’ என்று மின்னஞ்சலில் எழுதியும் இருந்தேன். மொத்தம் 5,200 பவுண்டு பேசினோம். பாதியை வங்கிக் கணக்குக்கு அனுப்பினேன். நாலு மாதத்தில் முடியும் என்றார்கள்.

பதினாலு மாதம் ஆனது. நடுவில் ஒரு படம் அனுப்பச் சொல்லிக் கேட்டால் “அடுத்த வாரம்” என்பார்கள். நேரில் வருகிறேன் என்றால், இன்ஷூரன்ஸ் காரணமாக வாடிக்கையாளர் உள்ளே வரக்கூடாது என்பார்கள். அப்போதே போய் வாசலில் நின்றிருக்க வேண்டும்.

வண்டி கைக்கு வந்தபோது மேக்டைனோ இல்லை. அது இருந்த இடத்தில் பாயிண்ட், மேலே டேங்க்குக்கு அடியில் ஒரு காயில். பேட்டரியை வைத்துத் தீப்பொறி கொடுக்கும் ஏற்பாடு. “பழைய மேக்னெட்டோவை நம்ப முடியாது, இதுதான் நம்பகமானது” என்றார் பட்டறைக்காரர். பழையதைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். துருப்பிடித்த குப்பை, எறிந்துவிட்டோம் என்றார். பெயிண்ட் கண்ணாடி மாதிரி பளபளத்தது, இன்ஜின் இரண்டாவது உதையில் கிளம்பியது, நானும் மீதிப் பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

அடுத்த மாதம் ஒரு கிளப் டிரையலில் மூன்றாவது செக்‌ஷன். ஓடைக்குள் படி மாதிரி ஒரு பாறை. முன் வீல் அதில் முட்டியதும் ஹேண்டில்பார் கையில் ஒரு மாதிரி ‘மெத்’தென்று கொடுத்தது. வழுக்கல் அப்படி இருக்காது. இறங்கிப் பார்த்தேன். ஸ்டீரிங் ஹெட்டுக்குக் கீழே, டியூப் சேரும் இடத்தில், பேனாவால் இழுத்தது போல ஒரு கோடு. நகத்தை வைத்தால் மாட்டியது. முந்தின நாள்தான் அதே வண்டியில் மெயின் ரோட்டில் 50 மைல் வேகத்தில் போயிருந்தேன்.

வீட்டுக்கு வேனில் ஏற்றிக்கொண்டு வந்து கம்பி பிரஷ்ஷால் தேய்த்தேன். பெயிண்டோடு பட்டி கட்டி கட்டியாக உதிர்ந்தது, சில இடங்களில் விரல் கனத்துக்கு. அதற்கு அடியில் வெல்டிங், புற்று மண் மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது. அந்தக் காலத்து ஃப்ரேமில் டியூப்பை லக்கில் (டியூப்கள் சேரும் இரும்பு மூட்டு) செருகிப் பித்தளை வைத்துப் பற்றவைத்திருப்பார்கள். அந்த இடத்தை அறுத்துக் கோணம் மாற்றினால், பழைய பித்தளையைச் சுத்தமாக எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் பற்றவைக்க வேண்டும். பித்தளை இருக்கும்போதே மேலே கரண்ட் வெல்டிங் வைத்தால் அது இரும்போடு கலந்து ஓட்டை விழும், விரிசல் விடும். இது தெரியாதவர் ஃப்ரேமைத் தொடவே கூடாது. தெரிந்திருந்தால் பட்டி வைத்து மறைத்திருக்கக் கூடாது.

இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். 40 வருடம் தாண்டிய, கணிசமாக மாற்றப்படாத வண்டிக்கு இங்கே எம்ஓடி சோதனை (வண்டி சாலைக்குத் தகுதியா என்று பார்க்கும் வருடாந்தரச் சோதனை) கட்டாயம் இல்லை. சோதனைக்குப் போக வேண்டியதில்லை என்று நாம் சந்தோஷப்படுகிறோம். பட்டறைக்காரரின் வேலையை வேறொரு கண் பார்க்கும் கடைசி வாய்ப்பும் அதோடு போய்விடுகிறது. விரும்பினால் நாமாகவே கொண்டுபோய்க் காட்டலாம். நான் காட்டவில்லை.

ஃப்ரேமைச் சரி செய்ய இன்ஜினை இறக்க வேண்டும். இறக்கும்போதுதான் இரண்டாவது விஷயம் தெரிந்தது. அப்பாவின் வண்டியை இருபது வருடம் பார்த்த புதுப்பேட்டை மெக்கானிக் அண்ணனுக்கு வீடியோவில் காட்டிக்கொண்டே கழற்றினேன். வெல்டிங்கைப் பற்றிக் கேட்கத்தான் கூப்பிட்டேன். அவர் வேறு ஒன்று கேட்டார்.

“தம்பி, இன்ஜின் கேஸ் போல்ட்டுக்கு எத்தனாம் நம்பர் ஸ்பானர் போட்டீங்க?”

“பதிமூணு, அண்ணே.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. “போல்ட்ட மட்டும் மாத்தியிருக்கலாம். புதுசா ஒரு எட்டு எம்எம் போல்ட்ட எடுத்து அந்த ஓட்டையில கையால போட்டுப் பாருங்க.”

போட்டேன். விரலாலேயே சுழன்று அடிவரை இறங்கியது.

“சீமை இன்ஜின்னா இந்த மரை புடிக்காது தம்பி. அது இன்ச் மரை, இது எம்எம் மரை. இது நம்ம ஊர்ல செஞ்சது. ரொம்பப் பழசும் இல்ல.”

எனக்குக் கை நடுங்கியது. வண்டி வாங்கிய அன்று பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப் பார்க்க இன்ஜின் எண்ணைப் படம் எடுத்து வைத்திருந்தேன். தேடி எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் ஒரே எண்தான். ஆனால் பழைய படத்தில் 4 என்ற எண்ணின் தலை திறந்திருக்கிறது. இப்போது இருப்பதில் மூடியிருக்கிறது. பழையதில் சுற்றிலும் வார்ப்பின் சொரசொரப்பு தெரிகிறது. இதில் எண் இருக்கும் இடம் மட்டும் அரைத்து வழவழவென்று இருக்கிறது. ஒவ்வொரு எண்ணும் ஒவ்வொரு ஆழம். வேறு இன்ஜினின் எண்ணை அரைத்து எடுத்துவிட்டு என் எண்ணை அடித்திருக்கிறார்கள். வந்தது பாயிண்டும் காயிலும் உள்ள பிற்கால இன்ஜின்; மேக்னெட்டோ ஏன் காணாமல் போனது என்பதும் அப்போதுதான் புரிந்தது.

புல்லட்டில் இதைச் செய்வது எளிது. 1955இல் மெட்ராஸில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கி, திருவொற்றியூரில் அதே வண்டியைச் செய்தார்கள். ரெட்டிச் மூடிய பிறகும் பல பத்தாண்டுகள் அதே போர், அதே ஸ்ட்ரோக். 1977இலிருந்து அங்கிருந்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதியும் ஆனது. அதனால் இந்திய இன்ஜின் இங்கே சுலபமாகக் கிடைக்கும். 50களின் ரெட்டிச் இன்ஜினுக்கோ ஆள் தேடி அலைகிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி. திருவொற்றியூர் இன்ஜின் மட்டம் என்று நான் சொல்லவே மாட்டேன், என்னைச் சுமந்த வண்டி அது. என் பொருளை எடுத்துக்கொண்டு, அதன் எண்ணை இன்னொன்றின் மேல் அடித்துக் கொடுத்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. இப்போது என்னிடம் இருக்கும் இன்ஜின் யாருடைய வண்டியில் இருந்தது என்பதும் எனக்குத் தெரியாது. அதன் சொந்த எண்ணைத்தான் அரைத்துவிட்டார்களே.

பட்டறைக்கு மூன்று கடிதம் எழுதினேன். “சமமான பாகங்களைக் கொண்டு புதுப்பித்தோம்” என்று ஒரே ஒரு பதில். 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, தொழிலாக வேலை எடுத்துச் செய்பவர் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்து தர வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 10,000 பவுண்டு வரை சிறு வழக்கு முறையில் வக்கீல் இல்லாமலே போகலாம். போனேன். சமரசப் பேச்சில் 3,100 பவுண்டு திரும்பி வந்தது. வெல்டிங்கில் விரிசல் விட்ட படங்களும், ‘அதே இன்ஜின்’ என்ற அந்த மின்னஞ்சலும்தான் கைகொடுத்தன. இன்ஜின் தங்களிடம் இல்லை என்றே கடைசி வரை சொன்னார்கள். போலீஸில் புகார் எண் கிடைத்தது, வேறு எதுவும் கிடைக்கவில்லை. முன்பணத்தில் கொஞ்சத்தையாவது கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் கார்டு நிறுவனத்திடமும் கேட்டிருக்கலாம். 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை அந்தப் பாதுகாப்பு உண்டு. வங்கிக் கணக்குக்கு நேராக அனுப்பிய பணத்துக்கு அது கிடையாது.

வண்டியை விடும் முன் இன்ஜின், ஃப்ரேம், கியர்பாக்ஸ் எண்களை மிக அருகிலிருந்து, எண்ணின் வடிவம் தெரியும்படி படம் எடுங்கள். கேஸின் மறைவான இடத்தில் நீங்களே ஒரு புள்ளி குத்தி வையுங்கள். கழற்றும் ஒவ்வொரு பழைய பாகமும், துருப்பிடித்த போல்ட் உட்பட, திரும்ப வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். ஃப்ரேமில் வெல்டிங் வைத்தால், பெயிண்ட் அடிக்கும் முன் வெறும் இரும்பாக நேரில் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். உள்ளே விடமாட்டோம் என்றால் வண்டியைத் திரும்ப ஏற்றிக்கொண்டு வந்துவிடுங்கள். வாங்கும் வண்டியின் ஆண்டில் சந்தேகம் இருந்தால் ராயல் என்ஃபீல்டு ஓனர்ஸ் கிளப்பில் எண்ணைக் கொடுத்துக் கேட்கலாம், பார்த்துச் சொல்வார்கள்.

ஃப்ரேமை வேறொருவரிடம் கொடுத்து, லக்கைச் சுத்தம் செய்து, மறுபடி பித்தளை வைத்தே சேர்த்தாயிற்று. ஒவ்வொரு கட்டத்திலும் பக்கத்தில் நின்று பார்த்தேன், அவரே கூப்பிட்டுக் காட்டினார். திருவொற்றியூர் இன்ஜினோடு வண்டி ஓடுகிறது.

என் இன்ஜின் எங்கோ இருக்கிறது. ஸ்டாஃபோர்டு பழைய பைக் கண்காட்சியிலோ வேறு ஆட்டோஜம்பிளிலோ (பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் சந்தை) 350 புல்லட் இன்ஜின் ஒன்றைப் பார்த்தால் இதைக் கவனியுங்கள். சிலிண்டர் பிளாக்கில் மேலிருந்து மூன்றாவது ஃபின் (சூடு தணிக்கும் தகடு), இடப்பக்க முன் மூலையில் கட்டைவிரல் நக அளவு உடைந்திருக்கும். ஆயில் வடிக்கும் திருகுக்குப் பக்கத்தில் ஐந்து காசு அளவுக்கு ஒரு பழைய வெல்டிங் தழும்பு உண்டு. எண்ணை அவர்கள் அதிலும் அரைத்திருக்கலாம். அரைக்காமல் விட்டிருந்தால் கடைசி இரண்டு எண் 74, அந்த 4இன் தலை திறந்திருக்கும். பார்த்தால் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.