மவுஸ் முழுத் தொகுப்பு: இரண்டு பாகமும் சேர்த்தே வாங்குங்கள்

ஆர்ட் ஸ்பீகல்மேனின் 'மவுஸ்' படக்கதையை முதல் தடவை பாதிதான் படித்தேன். தெரிந்தவர் ஒருவரிடம் முதல் பாகம் மட்டும் இருந்தது, இரவல் வாங்கினேன். அது 1986இல் வந்தது, இரண்டாம் பாகம் 1991இல். நடுவில் அத்தனை வருடம் காத்திருந்த வாசகர்களுக்கு என்ன தோன்றியிருக்கும் என்று தெரியாது, எனக்கு அந்தப் பாதிக் கதை ஒரு தப்பான எண்ணத்தைக் கொடுத்துவிட்டது. சாமர்த்தியமாகத் தப்பித்துக்கொண்டே வந்த ஒரு ஆள் கடைசியில் மாட்டிக்கொள்கிறார், நாஜிகளின் ஆஷ்விட்ஸ் கொலை முகாமின் வாசலில் கதை நிற்கிறது, பாவம் என்று நினைத்துப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இப்போது இரண்டும் சேர்ந்த தொகுப்பை வாங்கி முழுதாகப் படித்தபோது, அந்த 'பாவம்' எவ்வளவு அவசரப்பட்ட வார்த்தை என்று புரிந்தது. அதனால் வாங்குவதானால் இந்த ஒரே புத்தகமாக வாங்குங்கள், முன்னூறு பக்கத்துக்குக் கொஞ்சம் குறைவு.

கதை பலருக்குத் தெரிந்திருக்கும். ஆர்ட்டின் அப்பா விளாடெக், அம்மா அன்யா, இருவரும் போலந்து யூதர்கள், நாஜிகளின் கொலை முகாம்களிலிருந்து உயிரோடு மீண்டவர்கள். வயதான விளாடெக் நியூயார்க்கில் இருக்கிறார், மகன் டேப் ரெக்கார்டரோடு போய் உட்கார்ந்து கேட்கிறான், கேட்டதை வரைகிறான். யூதர்கள் எலிகள், ஜெர்மானியர்கள் பூனைகள், போலந்துக்காரர்கள் பன்றிகள், அமெரிக்கர்கள் நாய்கள். எல்லாம் கறுப்பு வெள்ளை. ஸ்பீகல்மேன் சாதாரண பேனாவால், அச்சாகிற அதே அளவிலேயே வரைந்தாராம், பெரிதாக வரைந்து சுருக்கவில்லை. அது பக்கத்தைப் பார்த்தாலே தெரிகிறது, யாரோ எழுதி வைத்த டைரியைக் கையில் வைத்திருப்பது போலத்தான் இருக்கிறது. எழுத்து கொஞ்சம் பொடிசு, நல்ல வெளிச்சத்தில் படியுங்கள்.

சரி, இந்தப் புத்தகத்தை நான் ஏன் இவ்வளவு பிடித்துக்கொள்கிறேன் என்றால், இது விளாடெக்கை நல்லவராகக் காட்ட முயலவே இல்லை. மனுஷன் கஞ்சன். தெருவில் கிடக்கிற ஒயரைப் பொறுக்கி வைத்துக்கொள்கிறார், மாத்திரைகளை உட்கார்ந்து எண்ணுகிறார், மகனுடைய கோட்டு நன்றாக இல்லை என்று அவனைக் கேட்காமலேயே குப்பையில் போட்டுவிடுகிறார், பிரித்துப் பாதி சாப்பிட்ட உணவுப் பெட்டிகளைக் கடைக்கு எடுத்துப்போய் முகாமில் இருந்த கதையைச் சொல்லி மாற்றிக்கொண்டு வருகிறார், மகனும் மருமகளும் வெட்கப்பட்டுக்கொண்டு காரிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். அதே பயணத்தில் மருமகள் ஒரு கறுப்பினத்தவரைக் காரில் ஏற்றிக்கொள்ள, விளாடெக் கொதித்துப்போகிறார், அந்த ஆள் திருடிவிடுவான் என்று வழி முழுக்கத் தன் தாய்மொழியில் புலம்புகிறார். நாஜிகள் உங்களைப் பற்றிப் பேசியது போலவே நீங்கள் இவரைப் பற்றிப் பேசுகிறீர்களே என்று மருமகள் கேட்கிறாள். அவருக்கு அது உறைக்கவே இல்லை. இந்த இடத்தை விட்டுவிட்டு வரைந்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். செத்துப்போன அப்பா, அதுவும் ஆஷ்விட்ஸில் இருந்தவர். மகன் விடவில்லை.

இதே கஞ்சத்தனம்தான் முகாமில் அவரைக் காப்பாற்றியது என்பதும் புத்தகத்திலேயே இருக்கிறது. தனக்குக் கிடைத்த ரொட்டியைத் தின்னாமல் சேர்த்து, அதைச் சிகரெட்டாக மாற்றி, வோட்காவாக மாற்றி, லஞ்சம் கொடுத்து அன்யாவைத் தன் பக்கமாக வரவழைக்கிறார். ஓ, அப்படியானால் முகாம்தான் இவரை இப்படி ஆக்கியது என்று நாம் முடிவு கட்டப் போகும்போது, அவருடைய இரண்டாவது மனைவி மாலா குறுக்கே வருகிறாள். அவளும் முகாமில் இருந்தவள்தான். நானும் இருந்தேன், எங்கள் நண்பர்கள் எல்லோரும் இருந்தார்கள், யாரும் இந்த ஆளைப் போல இல்லை என்கிறாள். எனக்கு அந்தக் கட்டத்தைத் தாண்ட முடியவில்லை. வன்முறையைப் பற்றிய எத்தனையோ கதைகள் 'இவருக்கு இது நடந்தது, அதனால் இவர் இப்படி ஆனார்' என்று ஒரு கணக்குப் போட்டு நம் கையில் கொடுத்துவிடும். மவுஸ் கணக்கை எழுதிவிட்டு, விடைக்கு நேரே ஒன்றும் போடாமல் விட்டுவிடுகிறது.

ஒரு பக்கத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்தக் கடைக்குப் போகிற வழியில், மலைப் பகுதியில் கார் மரங்களுக்கு நடுவே போய்க்கொண்டிருக்கிறது, விளாடெக் சாவகாசமாகப் பேசிக்கொண்டு வருகிறார். 1944 அக்டோபரில் ஆஷ்விட்ஸில் பிணங்களை எரிக்கும் வேலையில் இருந்த கைதிகளே கிளர்ந்தெழுந்தார்கள், எரியூடம் ஒன்று நாசமானது. அதற்கு வெடிமருந்து கடத்திக் கொடுத்த நான்கு பெண்களைத் தூக்கில் போட்டார்கள். இதை அவர் சொல்கிற கட்டத்தில், அந்த அமெரிக்கக் காட்டு மரங்களிலிருந்து நான்கு ஜோடிக் கால்கள் தொங்குகின்றன. கார் அதன் ஓரமாகப் போகிறது, காரில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ரத்தம் கிடையாது, முகம் கிடையாது, கால்கள் மட்டும். இத்தனை வருடம் கழித்தும் அது அந்த மனிதரோடு எல்லாச் சாலையிலும் கூடவே வருகிறது என்பதைச் சொல்ல ஸ்பீகல்மேனுக்கு ஒரு கட்டம் போதுமாக இருக்கிறது.

போர்ப் படங்களில் எனக்கு இருக்கிற பெரிய மனக்குறையே இதுதான். படம் போருக்கு எதிரானது என்று வசனம் சொல்லும், ஆனால் குண்டு வெடிக்கும்போது பின்னணி இசையும் கேமராவும் சேர்ந்து நம்மை இருக்கையின் நுனிக்கு இழுத்துவிடும். அப்புறம் எதைப் பார்த்து வருத்தப்படுவது? கிளாட் லான்ஸ்மன் 1985இல் எடுத்த 'ஷோவா' ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓடும் ஆவணப்படம், அதில் பழைய முகாம் காட்சி ஒரு துண்டு கூடக் கிடையாது, பேசுகிற மனிதர்களும் இன்று புல் முளைத்துக் கிடக்கிற இடங்களும்தான். மவுஸ் அதற்கு உறவுக்காரப் புத்தகம் என்று தோன்றுகிறது. ஆனால் காட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது ஆறு வயதுப் பையனாக இருந்த கெய்ஜி நகசவா பிறகு 'வெறுங்கால் ஜென்' என்ற படக்கதையை வரைந்தார், அதில் தோல் உருகித் தொங்குகிற மனிதர்களை நேராகவே காட்டுகிறார். அது அவர் கண்ணால் கண்டது. ஸ்பீகல்மேன் பிறந்ததே 1948இல், போர் முடிந்த பிறகு. தான் காணாததைக் கண்டது போல வரையக் கூசுகிற ஒரு மனம் அவருடைய ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கிறது.

அந்தக் கூச்சம் இரண்டாம் பாகத்தில் வெளிப்படையாகவே வருகிறது. முதல் பாகம் நன்றாக விற்றுவிட்டது, நிருபர்களும் வியாபாரிகளும் சுற்றி நிற்கிறார்கள், ஆர்ட் எலி முகமூடியைக் கட்டிக்கொண்டு வரைபலகை முன்னால் உட்கார்ந்திருக்கிறார், பலகைக்குக் கீழே பிணக் குவியல். 1944 மே மாதம் சில நாட்களுக்குள் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்ட ஹங்கேரி யூதர்களின் எண்ணிக்கையும் தன் புத்தகத்துக்குக் கிடைத்த வரவேற்பும் அடுத்தடுத்து வருகின்றன. பிறருடைய துயரத்தை எழுதிப் பெயர் வாங்குகிறவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது பார்க்க வேண்டிய பக்கம் அது.

குறைகளும் இருக்கின்றன. மிருகங்களாக வரைந்தது எல்லா இடத்திலும் சரியாகப் பொருந்தவில்லை. ஒரு தேசத்து மக்கள் முழுவதையும் பன்றிகளாக்கியது போலந்தில் பலருக்கு வலித்தது, 2001இல் அங்கே மொழிபெயர்ப்பு வந்தபோது எதிர்ப்பும் வந்தது, அந்த வலியைத் தப்பென்று என்னால் சொல்ல முடியவில்லை. இனம் இனமாக மனிதர்களைப் பிரித்தது நாஜிகளின் பைத்தியக்காரத்தனம், அதைத்தான் ஆசிரியர் அப்படியே எடுத்து உடைத்துக் காட்டுகிறார், தப்பித்து ஓடும்போது எலிகள் பன்றி முகமூடியைக் கட்டிக்கொள்வதும் அதனால்தான். அது புரிகிறது, ஆனாலும் உறுத்தல் போகவில்லை. இன்னொன்று, அன்யா. 1968இல் தற்கொலை செய்துகொண்டாள். அவள் எழுதி வைத்த டைரிகளை மகன் புத்தகம் முழுக்கத் தேடுகிறான், விளாடெக் அவற்றை எரித்துவிட்டதாக முதல் பாகத்தின் கடைசியில் ஒத்துக்கொள்கிறார், மகன் அவரைக் கொலைகாரன் என்கிறான். அவள் குரல் இல்லாதது இந்தப் புத்தகத்தின் பெரிய ஓட்டை, ஆனால் அதை மூடி மறைக்காமல் ஓட்டையாகவே விட்டிருக்கிறார்கள். மாலாவுக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம் என்பதுதான் என் உண்மையான வருத்தம், அவளும் மீண்டு வந்தவள், அவள் கதையை யாரும் உட்கார்ந்து கேட்கவில்லை.

பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்றால், பதின்வயதில் இருப்பவர்களுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம், கூட இருந்து பேசத் தயாராக இருங்கள். 2022 ஜனவரியில் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் மெக்மின் கவுண்டி பள்ளிக் கல்விக்குழு இதை எட்டாம் வகுப்புப் பாடத்திலிருந்து எடுத்துவிட்டது, சில வசைச் சொற்களும் ஒரு நிர்வாணச் சித்திரமும் காரணம் என்றார்கள். அந்தச் சித்திரம் குளியல் தொட்டியில் செத்துக் கிடக்கும் ஓர் அம்மா, மிகச் சின்னக் கட்டம், தேடித்தான் பார்க்க வேண்டும்.

ஆங்கிலத்தில் படிக்கத் தயங்குகிறவர்களுக்கு: விளாடெக் பேசுவது உடைந்த, தப்பும் தவறுமான ஆங்கிலம், வாக்கியங்கள் சின்னவை, அகராதி அதிகம் தேவைப்படாது. நான் ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயத்துக்கு மேல் படிக்கவில்லை, அதற்கு மேல் முடியவும் இல்லை. கடைசிப் பக்கத்தில் பேசிக் களைத்த விளாடெக் படுக்கையில் திரும்பிப் படுத்துக்கொண்டு, ரிஷ்யூ, இன்றைக்குக் கதை போதும் என்கிறார். ரிஷ்யூ என்பது போரில் செத்துப்போன மூத்த பிள்ளையின் பெயர்.